மரத்தின் பின்பக்கம்

மகளைப் பார்க்க அயல்நாட்டுக்கு வந்த சடையாண்டிக்கு, தெருவோர மரங்களில் இடுப்பளவு சுண்ணாம்பைக் கண்டதும் கை துறுதுறுத்தது. ஊரில் இருபத்தேழு வருசம் அவர் பார்த்த வேலை அதுதான்.

“எந்த மந்திரி வர்றாரு, செம்பா?”

“மந்திரியெல்லாம் இல்லப்பா. பூச்சி ஏறாம இருக்க அடிக்கிறாங்க.”

சடையாண்டி நம்பவில்லை. மந்திரி வராமல் மரத்துக்கு எவன் சுண்ணாம்பு அடிப்பான்?

தெருக்கோடியில் ஒரு வெள்ளைக்காரன் குந்தியிருந்து, குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல் மரத்துக்கு அடித்துக்கொண்டிருந்தான். நம்ம வேகத்தைக் காட்டாமல் போனால் மானக்கேடு. சடையாண்டி சைகையால் பிரஷ்ஷைக் கேட்டு வாங்கினார். வேட்டியை மடித்துக் கட்டி, பக்கத்து மரத்தில் ரோட்டைப் பார்த்த பக்கத்தை நாலே இழுப்பில் முடித்து, வாளியோடு அடுத்த மரத்துக்கு நடந்தார். வெள்ளைக்காரன் விசிலடித்துக் கூப்பிட்டு, முடித்த மரத்தின் பின்பக்கத்தைக் காட்டினான். அங்கே வெறும் பட்டை.

“கார்ல போறவனுக்கு அது தெரியவா போகுது?”

“பூச்சிக்குத் தெரியும்பா,” என்றாள் செம்பா.

மேஸ்திரி யாராவது நிற்கிறாரா என்று சடையாண்டி சுற்றிப் பார்த்தார். யாருமில்லை. முழங்கால் மளுக்கென்று சத்தம் போட, பின்பக்கம் போய்க் குந்தினார்.

“மந்திரின்னா ஏமாத்திரலாம். இந்த நாய்ப்பய பூச்சி சுத்தி வந்துல்ல பாக்குது.”