எலி போட்ட முடிச்சு

வண்டி ஸ்டார்ட் ஆகிவிடக் கூடாது என்று அந்தோணியாரை வேண்டிக்கொண்டு ஆரோக்கியநாதன் சாவியைத் திருகினார். அந்தோணியார் கைவிடவில்லை. பழைய பெட்ரோல் ஜீப் இரண்டு முறை இருமி, கரும்புகையாகக் கக்கிவிட்டு அணைந்துபோனது.

"நாந்தான் சொன்னேனே தம்பி, கார்பரேட்டர் போச்சு. பேசாம வேற வண்டி பாருங்க" என்றார் வண்டி பார்க்க வந்தவனிடம், துக்கம் விசாரிக்கிற குரலில்.

விற்க வைத்திருக்கிற வண்டியை இப்படி ஏசுகிற ஆளை விளாங்குடியில் வேறெங்கும் பார்க்க முடியாது. போன மாதம் கொட்டாம்பட்டிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில் ஜீப் மூன்று இடத்தில் நின்றது. மூன்று இடத்திலும் பட்டுப்புடவையோடு இறங்கித் தள்ளியவர் அவர் மனைவி ஜோசபின் டீச்சர். வீடு வந்த கையோடு வண்டியை விற்பதாகப் போனில் விளம்பரம் போட்டுவிட்டார்.

ஆரோக்கியநாதனுக்கோ அந்த ஜீப் உயிர். ஞாயிறுதோறும் அழகர்கோவில் மலையடிவாரத்து மேடுபள்ளத்தில் அதை உருட்டிவிட்டு வந்தால்தான் மற்ற ஆறு நாளும் ஆபீஸில் ஃபைல் தள்ளத் தெம்பு வரும். டீச்சரை எதிர்த்துப் பேசும் தெம்பு மட்டும் முப்பது வருஷமாக வரவில்லை. அதனால் வண்டி பார்க்க யாராவது வருகிறார்கள் என்றால், காலையிலேயே பானெட்டுக்குள் கையை விட்டுச் சில வேலைகளைச் செய்துவைப்பார். இதுவரை நான்கு பேர் வந்தார்கள். நான்கு பேரும் புகையில் இருமிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்கள்.

ஐந்தாவதாக வந்திருக்கும் இந்தச் சிவபாண்டி மட்டும் நகருகிற மாதிரி தெரியவில்லை. ஆர்சி புக் எங்கே, கடைசி விலை என்ன என்று ஒன்றும் கேட்காமல், சட்டைக் கையை மடித்துவிட்டுப் பானெட்டைத் திறந்தான். வண்டிப் பைத்தியம் போலிருக்கிறது, லேசில் விடமாட்டான் என்று ஆரோக்கியநாதனுக்குத் தோன்றியது.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். கரி அப்பியிருந்தது. பெட்ரோல் வருகிறது, காற்றுதான் போகவில்லை என்று சொல்லி ஏர் ஃபில்டரைத் திறந்தான். உள்ளேயிருந்து ஒரு கிழிந்த பனியன் வந்தது.

"எலி இழுத்துட்டு வந்திருக்கும்" என்றார் ஆரோக்கியநாதன்.

சிவபாண்டி தலையாட்டிவிட்டு இன்னும் குனிந்தான். காற்று போகிற வாயை மூடும் சோக் தகடு, திறக்கவே முடியாதபடி செம்புக் கம்பியால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது.

"எலி முடிச்செல்லாம் போடுதே சார்."

ஆரோக்கியநாதன் பக்கத்து வீட்டு முருங்கை மரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

கம்பியை வெட்டி எறிந்ததோடு விட்டானா? கார்பரேட்டரையே பிரித்து, ஜெட் என்கிற ஊசித் துவாரத்தில் அடைத்துக்கொண்டிருந்த ஒரு மணல் துகளையும் ஊதி எடுத்தான். கொட்டாம்பட்டி வழியில் காலை வாரியது அதுதான். எல்லாவற்றையும் மாட்டிவிட்டுச் சாவியைத் திருகியதும் ஜீப் உடனே பிடித்துக்கொண்டது.

சிவபாண்டியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு திண்டுக்கல் ரோட்டில் ஆரோக்கியநாதனே ஓட்டிப் பார்த்தார். திணறல் இல்லை, புகை இல்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய இந்த ஆறு வருஷத்தில் அது இப்படி ஓடி அவர் பார்த்ததே இல்லை. சந்தோஷம் தாங்காமல் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தார். இன்றோடு இது கைமாறப்போகிறது என்ற நினைப்பு வந்ததும் வண்டியை ஓரங்கட்டினார்.

"ஒளிக்காம சொல்லிடுறேன் தம்பி. பனியன் வச்சதும் நாந்தான், கம்பி கட்டுனதும் நாந்தான். அந்த நாலு பேரையும் ஓடவிட்டதும் நாந்தான். இதக் குடுத்துட்டு என்னால இருக்க முடியாது. பிடிக்கலன்னு சொல்லிட்டுப் போயிருங்க. டீச்சர் காதுக்கு மட்டும் இது போயிரக் கூடாது."

சிவபாண்டி விரலில் ஒட்டியிருந்த கரியை நிதானமாகத் துடைத்தான். சிரிப்பை அடக்க அவன் படாத பாடு பட்டான்.

"நான் வண்டி வாங்க வரல சார். அந்த நாலு பேரும் ஏன் ஓடுனாங்கன்னு கண்டுபிடிக்கச் சொல்லி என்னைய அனுப்புனதே டீச்சர்தான்."