ஒரு தும்மலுக்காக

"தும்மிட்டியா? அப்ப வா, வீட்டுக்குப் போலாம்."

நீலசந்திரா பள்ளிக்கூடத்தின் கேட் வரை வந்துவிட்ட மகன் யுவனை மமதா திருப்பினாள். எல்கேஜியில் சேர்ந்த பிள்ளை. பள்ளிக்கூடம் என்றால் உயிர். அவன் முகம் சுருங்கிப்போனது.

காலையிலேயே லேசாக மூக்கு ஒழுகியது. வழியில் சரியாகிவிடும் என்று நம்பிக் கூட்டிவந்தாள். இனி வேலை பார்க்கும் கார்மென்ட்ஸ் கம்பெனிக்கு லீவு சொல்ல வேண்டும். சூப்பர்வைசர் சும்மா விட மாட்டார்.

"ஒரு தும்மலுக்கா லீவு போடறீங்க?" என்று கேட்டாள் கேட் ஓரம் நின்றிருந்த பெண். மமதா இதுவரை பார்த்திராத முகம். பேர் வனஜா என்றும், ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்க்கக் காத்திருப்பதாகவும் சொன்னாள்.

மமதா விஷயத்தைச் சொன்னாள். இந்த வருஷம் எல்கேஜியில் சேர்ந்த பிள்ளைகளில் ஒன்றுக்கு ரத்தப் புற்றுநோய் வந்து, வைத்தியம் நடக்கிறது. மற்றவர்களுக்குச் சாதாரணச் சளி, அந்தப் பிள்ளைக்கு உயிராபத்து. பேரைச் சொல்லாமல் டீச்சர் இதைப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னார். சளி, இருமல் என்றால் பிள்ளையை அனுப்புவதில்லை என்று அன்றே எல்லாரும் முடிவெடுத்தார்கள். ஆட்டோ ஓட்டுகிறவர், வீட்டு வேலைக்குப் போகிறவர் என்று ஒருவர்கூட இதுவரை மீறியதில்லை.

வனஜாவின் முகம் இறுகியது.

"அப்படிப்பட்ட பிள்ளையை வீட்லயே வெச்சுக்க வேண்டியதுதானே? அதுக்காக இத்தனை பேர் பொழப்பு கெடணுமா?"

மமதாவுக்குச் சுருக்கென்றது. பெற்றவள் பேசுகிற பேச்சா இது? கோபத்தை அடக்கிக்கொண்டாள்.

"எத்தனை மாசம் ஆஸ்பத்திரி சுவத்தையே பாத்துட்டு கெடந்துச்சோ. இப்பதான் நாலு பசங்களோட உக்காந்து பாட்டுப் பாடுது. என் பையன் ரெண்டு நாள் வீட்ல இருந்தா என்னங்க கொறஞ்சிடப் போவுது?"

"யாரு பிள்ளைன்னாவது தெரியுமா?"

"தெரியாது. நாங்க கேக்கவும் இல்ல. தெரிஞ்சா அதை மட்டும் பாவமா பாப்போம். அது எதுக்கு?"

ஆயா வந்து, மேடம் கூப்பிடுவதாகக் கன்னடத்தில் சொன்னாள். வனஜா நகரவில்லை. வேண்டாம், வேலை முடிந்துவிட்டது என்று அவளை அனுப்பிவிட்டு, புடவைத் தலைப்பால் கண்களை அழுத்தித் துடைத்தாள்.

"சளி கிளி தொத்திடுமோன்னு பயந்து டி.சி. கேக்கத்தான் வந்தேன். இனிமே கேக்க மாட்டேன்" என்றாள். "அந்தப் பிள்ளை பேரு ரூபினிங்க. என் பொண்ணு."