சும்மா இருப்பவள் கட்டிய பூ

“போன ஒரு வருஷத்துல ஏதாச்சும் வேலை பாத்தியாம்மா?” என்று மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த டீச்சர் என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். “பள்ளிக்கூடத்த நிறுத்துனதுல இருந்து வீட்டுல சும்மாதான் இருக்கா டீச்சர்.”

என் மடி நிறைய மல்லிகை இருந்தது. கட்டி முடித்த சரம் காலடியில் சுருண்டு கிடந்தது. டீச்சர் அதைப் பார்த்தார். பிறகு, வேலை இல்லை என்று போனில் பதிந்துகொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அன்றிலிருந்து நான் கட்டும் பூ நிற்பதில்லை. முடிச்சை இறுக்கித்தான் போடுகிறேன். கையை எடுத்ததும் நூல் நேராகிவிடுகிறது, பூ மடியில் விழுகிறது. மில் வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டுப் பவித்ரா அதே நூலில் விளையாட்டாகக் கட்டிய பூ நின்றது.

நான் கட்டிக் கொடுக்கும் பூவைச் சாணார்பட்டியில் விற்கும் அங்கம்மாள் அக்கா இன்று கூடையோடு வந்தார். “என்னடி, வெறும் நூலையா தலையில வப்பாக? நான் வேற ஆளப் பாத்துக்கிடவா?”

அவர் கண் முன்னாலேயே கட்டிக் காட்டினேன். விழுந்தது. அப்பாவிடம் திரும்பினேன்.

“அப்பா, நானும் வேலை பாக்குறேன்னு ஒரு தடவ சொல்லுங்கப்பா.”

அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “பூக் கட்டுறதெல்லாம் ஒரு வேலையா ஆத்தா? போ, சோத்த வை.”

மதியத்துக்கு நான் வடித்து வைத்திருந்த பானையைத் திறந்தேன். உள்ளே அரிசி அரிசியாகவே கிடந்தது. அப்படியே தூக்கிவந்து அப்பா முன்னால் வைத்தேன்.

எட்டிப் பார்த்த அங்கம்மாள் அக்கா, காலிக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.