செவலையின் பட்டை

மழைக்காலத்தில் மாடுகளைக் கொட்டிலிலேயே அடைத்து வைப்பார்கள். அடைசலில் காசநோய் பரவும் என்று ஐப்பசி பிறந்ததும் ஒவ்வொரு மாட்டுக்கும் மூச்சைச் சோதிக்கும் கழுத்துப்பட்டை மாட்டிவிடுவார்கள். பட்டை சிவந்தால் வண்டி வந்து மாட்டைக் கொண்டுபோய்விடும். போன மாடு எதுவும் திரும்பியதில்லை.

இருளப்பனின் செவலைப் பசு இரண்டு தரம் செருமியது. அவ்வளவுதான், பட்டையைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

“இனி கழனித்தண்ணி உனக்கா, அதுக்கா?” என்று சிரித்தாள் மனைவி பேச்சி.

நாலாம் நாள் பட்டை சிவந்தது; கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். வண்டியில் வந்த பெண் அதைப் பசுவுக்குப் போட்டுப் பார்த்தாள், பச்சை காட்டியது.

“யாருண்ணே இதப் போட்டிருந்தது?”

இருளப்பன் அதை வாங்கித் தன் கழுத்தில் மாட்டினான். சிவந்தது.

“காய்ச்சாத பாலு குடிப்பீங்களா?”

“இதோட ஆத்தாகிட்ட, காம்புலயே வாய வச்சுக் குடிப்பேன். போன மழையில நீங்கதான் அதக் கொண்டுபோனீங்க.”

பேச்சி சிரிக்கவில்லை. அவனுக்குப் பயமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

“மாட்டுக்கு ஒண்ணுமில்லையே?”

“இல்லண்ணே. நீங்க ஏறுங்க.”

மாடு ஏற்றும் பலகை வழியே ஏறினான். உள்ளே உட்கார இடமில்லை. கயிறு கட்டும் வளையத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.