வண்டியை நிறுத்தியவர்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒன்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கம் இருட்டில் நின்ற லைல் ஹாக்மன், நான்காவது நாற்காலியில் இருந்த பெண்ணைப் பார்த்ததும் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

"அவங்களால நம்மளப் பார்க்க முடியாதுல்ல?" மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"முடியாது சார். அந்தப் பக்கம் அது வெறும் முகம் பார்க்கற கண்ணாடி," என்றாள் அவருடைய பிரச்சாரத்தை நடத்தும் மார்சி. "வெளியில பனி கொட்டுது. உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

ஹாக்மன் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் குடியரசுக் கட்சியின் வேட்பாளராகத் துடிப்பவர். அயோவா மாநிலத்தில் கட்சிக்காரர்கள் கூடி வாக்களிக்க இன்னும் நான்கே நாள். அவர்கள் மனதில் என்ன இருக்கிறது என்று அறிய, மார்சி ஒன்பது பேரைப் பொறுக்கியெடுத்து, காப்பியும் டோனட்டும் கொடுத்து உட்கார வைத்திருந்தாள்.

"அந்த நாலாவது ஆள் யாரு?"

மார்சி பட்டியலைப் பார்த்தாள். "ஜோலீன் ரீட்ஸ். ஆஸ்பத்திரி சமையல்கட்டுல வேலை. உங்க ஊர்ப்பக்கம்தான் சார்."

அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுத பத்து வயதுச் சிறுமி. ஆள் வளர்ந்திருந்தாலும் அந்தப் பூனைக்கண் மாறவில்லை.

முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால், இதே மாதிரி ஒரு பனிநாளில், நாலு பீர் உள்ளே போன மயக்கத்தில் அவளுடைய அண்ணன் டுவைட் மீது வண்டியை மோதியவர் ஹாக்மன். அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தவரும் அவரேதான். யாரோ அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று போலீஸிடம் சொன்னார். கால்கள் செயலிழந்து கிடந்த டுவைட், எந்த வண்டி என்று பார்க்கவில்லை என்றான்.

ஓர் உயிரைக் காப்பாற்றிய இளைஞன் என்று பத்திரிகையில் ஹாக்மன் படம் வந்தது. முதல் தேர்தலை அந்தப் படத்தை வைத்தே ஜெயித்தார். ஆனால் டுவைட் நிஜமாகவே பார்க்கவில்லையா? அந்தக் கேள்வி அன்றிலிருந்து அவரை விட்டதில்லை.

உள்ளே கேள்வி கேட்பவர் ஆரம்பித்தார். குரல்கள் ஒலிபெருக்கியில் வந்தன. "பழமைவாதின்னு சொல்லிக்கிட்டு ஓட்டுக் கேட்டு வர்றவர்கிட்ட உங்களுக்கு என்ன வேணும்?"

"வரியக் குறைக்கணும். என் துப்பாக்கி மேல கை வைக்கக் கூடாது," என்றார் தொப்பி போட்ட சோள விவசாயி.

"அதத்தான் எல்லாப் பயலும் சொல்றான் ஆர்வின்," என்று பக்கத்திலிருந்த கிழட்டு லாரி டிரைவர் சீண்டினார். "வாஷிங்டன் போனதும் பல்டி அடிக்கறான். வாயில ஒண்ணு மனசுல ஒண்ணு வெச்சுக்காத ஆள் வேணும்யா எனக்கு."

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வந்து போட்டோவுக்கு நிக்கற ஆள் வேண்டாம்," என்றாள் ஓர் இளம் தாய். "தப்பு பண்ணா ஒத்துக்கணும். அதத்தானே நாம பசங்களுக்குச் சொல்லித் தர்றோம்?"

ஹாக்மன் மார்சி பக்கம் திரும்பினார். "போதும், நிறுத்தச் சொல்லு மார்சி."

"இப்பத்தான் சார் சூடு பிடிக்குது!"

ஜோலீன் முறை வந்தது. அவள் தலையை நிமிர்த்திக் கண்ணாடியை நேராகப் பார்த்தாள். ஹாக்மன் தன்னையறியாமல் பின்வாங்கி, சுவரில் முட்டிக்கொண்டார்.

"எனக்கு ஓடிப்போகாத ஆள் வேணும்," என்றாள். "எங்க அண்ணன் ரோட்டோரமா ரத்தத்துல கிடந்தப்போ ஒருத்தர் வண்டிய நிறுத்தி, அவனைத் தூக்கிட்டுப் போனாரு. அது லைல் ஹாக்மன்."

கேள்வி கேட்பவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அண்ணனுக்கு அவர் மேல அவ்வளவு மரியாதை. அவரைப் பத்தி என்னைக்கூட வாயத் திறக்க விட்டதில்ல."

விவசாயி தொப்பியைக் கழற்றினார். இளம் தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்புறம் யோசிக்க என்ன இருக்கு?" என்றார் லாரி டிரைவர்.

ஹாக்மனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மார்சி குதித்தாள். "சார்! நம்ம டிவி விளம்பரமெல்லாம் செய்யாதத இந்தம்மா ரெண்டு நிமிஷத்துல செஞ்சுட்டாங்க. மத்தியானக் கூட்டத்துல மேடையேத்திடலாமா?"

ஒரு நிமிடம் முன்னால் கேட்டிருந்தால் அலறியிருப்பார். பயம் காலி செய்த இடத்தில் இப்போது ஆசை வந்து உட்கார்ந்திருந்தது.

"ஏத்து. எனக்கு முன்னாடி அவங்கதான் பேசணும். எல்லா சேனலையும் வரச் சொல்லு."

மத்தியானம் பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் உட்கார இடமில்லை. மேடைப் படியருகே மைக்கைப் பிடித்துக்கொண்டு ஜோலீன் நின்றிருந்தாள். ஹாக்மன் அவள் தோளில் கை போட்டு, கேமராக்களைப் பார்த்துச் சிரித்தார்.

"டுவைட்டையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே, ஜோலீன்?"

"போன செவ்வாய்க்கிழமை அடக்கம் பண்ணோம் சார்."

"அடடா! எனக்கு யாருமே சொல்லலையே..." அவசரமாக முகத்தில் சோகத்தை வரவழைத்துக்கொண்டார்.

மேடையில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். கைதட்டல் கூரையைத் தொட்டது. ஒரு படி ஏறிய ஜோலீன், திரும்பி அவர் காதருகே குனிந்தாள்.

"மோதினது உங்க வண்டிதான்னு, அண்ணன் சாகற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தான்."