மன்னிப்புப் பக்கம்

“மன்னிப்பெல்லாம் என்னால முடியாது சார். வேற ஏதாவது சொல்லுங்க.”

பதிப்பாளருக்குச் சுர்ரென்று ஏறியது. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் இவ்வளவு வாயா! ‘மன்னிப்புக் கேட்க’ என்று தலைப்பிட்ட தாளை மட்டும் அந்த மொழிபெயர்ப்பாளப் பெண் வெற்றாகத் திருப்பிக் கொண்டுவந்து மேஜையில் வைத்திருந்தாள்.

வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கான கைப்புத்தகம் அது. அன்றாட ஆங்கில வாக்கியங்கள் ஒரு பக்கம், எதிரே இத்தாலியன், ஸ்பானிஷ், அரபு. பழைய பதிப்பை ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் மொத்தமாக அள்ளிக்கொண்டு போனதால், இப்போது புதுப் பதிப்பு தயாராகிக்கொண்டிருந்தது.

இத்தாலியன் இவள் பொறுப்பு. அங்கே சில வருடம் இருந்தவள் என்றதும், படிக்கப் போயிருப்பாள் என்று அவரே முடிவுகட்டி, கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துக்கொண்டார். ஆள் கெட்டிக்காரிதான். வாளி, துடைப்பம், எண்ணெய்க் கறை, இஸ்திரிப் பெட்டி எல்லாம் கடகடவென்று எழுதித் தள்ளினாள். ‘ஊர் சுற்றிப் பார்க்க’ என்ற அத்தியாயத்துக்கு மட்டும்தான் அகராதி தேவைப்பட்டது.

“‘மன்னிச்சிடுங்க மேடம்’, ‘இதோ வந்துட்டேன் மேடம்’, ‘இனிமே இப்படி நடக்காது மேடம்’. நாலு வரி எழுதறதுக்கு என்னம்மா இவ்வளவு வீம்பு?”

“புத்தகம் முழுக்க அதேதானே சார் இருக்கு? ‘முடியாது’ன்னு போடுங்க. ‘என் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுங்க’, ‘உடம்பு சரியில்ல, டாக்டரைக் கூப்பிடுங்க’, ‘கையை எடு’ன்னு போடுங்க. நான் எழுதித் தர்றேன்.”

“முடியாதுங்கறதுக்கு இங்கிலீஷ்லயும் நோ, இத்தாலியன்லயும் நோ. அதுக்கு மொழிபெயர்ப்பு வேற வேணுமாக்கும்!”

“வார்த்தை தெரியும் சார். அதைச் சொல்லலாம்னுதான் தெரியாது. அச்சுல பார்த்தா ஒரு தைரியம் வரும்.”

பதிப்பாளர் தலையில் அடித்துக்கொண்டார்.

“தைரியமா? ஏஜென்சிக்காரன் பார்த்தா புத்தகத்தை என் மூஞ்சியிலேயே விட்டெறிவான். ஒண்ணு, இருக்கறதை எழுதுங்க. இல்லைன்னா இன்னைக்கே கிளம்புங்க.”

அவள் கிளம்பவில்லை. அவருடைய பேனாவையே எடுத்து, தாளிலிருந்த தலைப்பை அழுத்தி அடித்தாள். அதற்கு மேல் ‘மறுத்துச் சொல்ல’ என்று எழுதி, தாளை அவர் பக்கம் தள்ளினாள். வேலை போனால் போகட்டும், இந்தப் பக்கம் போகக்கூடாது என்ற பிடிவாதம் முகத்தில் அப்படியே தெரிந்தது.

அவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

“ஃபேனுக்குக் கீழ உட்கார்ந்துக்கிட்டு அடுத்தவங்களுக்காகக் கொடி பிடிக்கிறது ரொம்பச் சுலபம்மா! என் பழைய புத்தகத்தைக் கையில வச்சுக்கிட்டு எத்தனையோ பொண்ணுங்க வீட்டு வேலைக்குப் போயிருக்காங்க. அதுல ஒருத்தியாவது திரும்பி வந்து, இதே ரூம்ல என் முன்னாடி நின்னு, உங்க புத்தகம் சரியில்லைன்னு சொல்லியிருக்காளா?”

“இதோ, நின்னு சொல்லிக்கிட்டிருக்கேனே சார்.”