உள்ளே விடாத சுவிட்ச்

அலுவலகக் கணினிகளை எல்லாம் இணைக்கும் சுவிட்சில், ஆளைச் சரிபார்க்கும் சர்வரின் முகவரியைப் பதித்துவிட்டு நிமிர்ந்தார் நெட்வொர்க் இன்ஜினியரம்மா.

"இனிமே அந்த சர்வர் பட்டியல்ல பேர் இருந்தாத்தான் உள்ளே விடும், சார்."

நேற்றுதான் மாற்றலாகி வந்திருந்த மேலாளர் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தார். விட்டது.

இன்ஜினியரம்மா தன்னுடையதைக் கொடுத்தார். 'அனுமதி இல்லை' என்றது திரை. மறுபடி கொடுத்தார். அதே பதில்.

மேலாளர் திரையை எட்டிப் பார்த்தார். "என்ன மேடம், செஞ்சவங்களையே வெளியே தள்ளுது! நாளைக்கு முதல் வேலையா வந்து சரி பண்ணுங்க."

"நாளைக்கா?" இன்ஜினியரம்மா சிரித்தபடி கைப்பையை எடுத்தார். "அது சரியாத்தான் இருக்கு சார். நாலு மணிக்கே என் பேரை எடுத்துட்டாங்க. முப்பது வருஷ சர்வீஸ் முடிஞ்சு, நான் இன்னைக்கு ரிடையர் ஆகுறேன். உங்களுக்கு முன்னாடியே இந்த சுவிட்சுக்குத் தெரிஞ்சிடுச்சு!"